மேலாள் பலகை

எந்தக் கடையில் வாங்கிய உலகப் படமாக இருந்தாலும் சரி, மடித்து மடித்து மடிப்பு தேய்ந்து, எழுத்து அழிந்துபோகிற ஓர் இடம் அதில் இருக்கும். கணவாய்நாடு அங்கேதான் இருந்தது. அந்த நாட்டில் மன்னரும் உண்டு, லாரியும் உண்டு, தேர்தலும் உண்டு. மன்னர் இருக்கிற நாட்டில் தேர்தல் எதற்கு என்று கேட்கக் கூடாது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்கள் வெயிலில் வரிசையாக நின்று தங்களுக்கு வேண்டிய மன்னரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். மறுநாள் முதல் அவர் முன்னால் குனிந்து நிற்பார்கள். இரண்டையும் ஒரே முதுகெலும்பை வைத்துக்கொண்டு செய்வதில் அவர்களுக்குச் சிரமம் இருந்ததில்லை.

நாட்டின் மேல்பாதி மலை. கீழ்ப்பாதி கடற்கரையும் வயலும். மலையில் கல்லைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. கீழே கல்லைத் தவிர எல்லாம் கிடைக்கும். ஆகவே கல் இறங்க வேண்டும், அரிசி ஏற வேண்டும். இரண்டுக்கும் இடையே உறுமிக் கணவாய் என்று ஒரு மலைப்பாதை. கொண்டை ஊசி வளைவுகளாக இறங்கி, அடிவாரத்தில் ஒரு பள்ளத்தாக்கை ஒரு பழைய பாலத்தால் தாண்டும். நாட்டில் இருந்தது அந்த ஒரு பாதைதான்.

இந்தப் பாதையில் வண்டி ஓட்டுகிறவர்களிடம் வேறெங்கும் இல்லாத ஒரு வழக்கம் இருந்தது. முன்னொரு காலத்தில் ஒரு பார வண்டி வளைவில் சாய்ந்து சந்தைக்குள் விழுந்ததாம். அப்போது ஆண்ட அரசி, 'யார் ஏற்றிய பாரம்?' என்று கேட்டாராம். வியாபாரி வண்டிக்காரனைக் காட்டினான், வண்டிக்காரன் சுமை தூக்கியவனைக் காட்டினான், சுமை தூக்கியவன் வானத்தைக் காட்டினான். அரசிக்குச் சலித்துவிட்டது. 'இனி எவர் பாரம் ஏற்றுகிறாரோ அவர் அந்தப் பாரத்தின் மேலேயே உட்கார்ந்து கணவாயைக் கடக்க வேண்டும்' என்று சட்டம் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வண்டியிலும் சரக்கின் உச்சியில் ஒரு பலகையைக் கயிறு போட்டுக் கட்டினார்கள். அதற்கு மேலாள் பலகை என்று பெயர். உட்காருகிறவர் மேலாள். அவர் கையில் ஒரு கம்பு இருக்கும். ஓட்டுநரின் கூரையில் ஒரு தட்டுத் தட்டினால் மெதுவாகப் போ என்று அர்த்தம். இரண்டு தட்டினால் நிறுத்து. வியாபாரிகளே மேலே உட்கார வேண்டியிருந்ததால் அவர்களுக்கு அபாரமான பொறுப்பு வந்துவிட்டது. கயிற்றைத் தாங்களே இழுத்துப் பார்த்தார்கள். டயரைத் தட்டிப் பார்த்தார்கள். பிரேக் பிடிக்கிறதா என்று ஓட்டுநரிடம் கேட்டு, அவன் சொன்னதை நம்பாமல் மறுபடியும் கேட்டார்கள். ஒரு கல் கூடுதலாக விழுந்தால் 'எடு, எடு' என்று பதறினார்கள். அந்த நாட்டில் எடைமேடை என்ற ஒன்று கட்டப்படவே இல்லை. தேவைப்படவில்லை.

பிறகு அகளங்கர் மன்னரானார்.

'ஒரே நடையில் இரு மடங்கு' என்பது அவருடைய தேர்தல் முழக்கம். ஒரு லாரி இரண்டு நடையில் கொண்டுபோவதை ஒரே நடையில் கொண்டுபோனால் டீசல் பாதி, நேரம் பாதி, செழிப்பு இரண்டு மடங்கு என்று ஊர் ஊராகப் பேசினார். கேட்டவர்கள் கைதட்டினார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது; வண்டியை மட்டும் யாரும் கேட்கவில்லை.

வென்று அரியணையில் அமர்ந்த பிறகுதான் ஓர் இடைஞ்சல் தெரிந்தது. இரு மடங்கு பாரத்தின் மேல் உட்கார எந்த வியாபாரியும் முன்வரவில்லை. கல்குவாரி அதிபர் மாசிலாமணி அரண்மனைக்கே வந்து அழுதார். அவர் ஏற்கெனவே கனத்த சரீரம். தலைசுற்றல் வேறு.

"மன்னா, என் போன்ற தொழிலதிபர்களை மூட்டையின் மேல் மூட்டையாக உட்கார வைப்பது நாட்டின் தொழில்வளத்துக்கே இழுக்கு. அண்டை நாட்டார் பார்த்தால் என்ன நினைப்பார்கள்?"

சரக்குத்துறை அமைச்சர் நித்தியகல்யாணம் உடனே எழுந்தார். அவர் எழுந்தால் ஒரு சட்டம் பிறக்கும் என்பது அவையில் எல்லோருக்கும் தெரியும். "மன்னா, அரசியின் சட்டத்தைத் தொட வேண்டியதில்லை. மேலே உட்கார வேண்டியவர் தம் பிரதிநிதியை உட்கார வைக்கலாம் என்று ஒரு வரி சேர்த்தால் போதும். பிரதிநிதித்துவம்தானே நம் ஆட்சியின் அடிப்படை? கூடவே ஆயிரக்கணக்கான குடிமக்களுக்கு மிக உயர்ந்த இடத்தில் வேலை கிடைக்கும்."

அவை மேசையைத் தட்டி வரவேற்றது. மறுநாள் முதல் மேலாள் வேலைக்கு ஆள் எடுத்தார்கள்.

மாசிலாமணியின் குவாரியில் ராக்கியண்ணன் என்று ஓர் ஓட்டுநர் இருந்தான். நல்லவன், ஆனால் பெரிய பாரத்தைப் பார்த்தால் அவனுக்கு மீசை துடிக்கும். 'இந்தக் கணவாயில என்னையவிட எவன் எச்சா ஏத்தி இறக்கியிருக்கான்?' என்று டீக்கடையில் கேட்டுக்கொண்டே இருப்பான். நடைகள் பாதியானதில் ஓட்டுநர்களில் பாதிப் பேருக்கு வேலை போயிற்று. மீதிப் பேருக்குப் படியைக் குறைத்தார்கள். ராக்கியண்ணன் வீட்டில் அடுப்பு நாளுக்கு ஒருவேளைதான் எரிந்தது. அவன் மனைவி பாவாயி குவாரி வாசலில் போய் நின்று மேலாள் வேலையில் சேர்ந்துகொண்டாள், அதுவும் அவன் வண்டியிலேயே.

"ஏம் புள்ள, உனக்கெதுக்கு இந்த வேலை? நாம் பாத்துக்க மாட்டனா?" என்றான் ராக்கியண்ணன்.

"நீங்க ரோட்டப் பாருங்க மாமா. சொமைய நாம் பாத்துக்கறேன்" என்றாள் பாவாயி.

முதல் நாள் இறங்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. பின்னால் கனம் ஏறியதில் வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கிக்கொண்டு, ஸ்டியரிங் திருப்பினால் சக்கரம் சித்த நேரம் யோசித்துவிட்டுத்தான் திரும்பியது. வளைவில் கற்கள் ஒரு பக்கமாக நகரும் சத்தம் அவள் உட்கார்ந்திருந்த பலகைக்குக் கீழே கேட்டது. பிரேக்கை அழுத்திய இடத்தில் வண்டி நிற்கவில்லை. ஒரு வீட்டு நீளம் தள்ளிப் போய்த்தான் நின்றது. அவள் தட்டினாள். அவன் மெதுவாக்கினான். அடுத்த வளைவிலும் தட்டினாள். அடிவாரம் வந்தபோது அவள் கை வலித்தது, அவனுக்குக் கோபம் வந்தது.

"வளைவுக்கு வளைவு தட்டுனா எப்படி? பின்னாடி வர்றவன் சிரிக்கறான்."

"சிரிக்கட்டுமுங்க. அவன் வண்டி மேல உக்காந்திருக்கறவன் சிரிக்கறானான்னு பாருங்க."

அவன் பார்த்தான். பின்னால் வந்த லாரியின் உச்சியில் கருப்பணன் என்ற மேலாள் கண்ணை இறுக மூடிக்கொண்டு பலகையைக் கட்டிப்பிடித்திருந்தான். அந்த மாதக் கடைசியில் அந்த லாரியின் பாரம் தாங்கும் வில்பட்டை ஒடிந்து, வண்டி வளைவிலேயே பள்ளத்தில் சாய்ந்தது. ஓட்டுநர் எட்டிக் குதித்துவிட்டார். கருப்பணன் மேல் அவன் எஜமானரின் கல் முழுவதும் விழுந்தது. பாவாயி அன்று சோறு தின்னவில்லை. ராக்கியண்ணனும் டீக்கடைப் பக்கம் போகவில்லை.

மன்னர் விசாரணைக் குழு அமைத்தார். மாசிலாமணியின் சம்பந்திதான் தலைவர். குழு பல இடங்களுக்கு விமானத்தில் போய் வந்து, கணவாய்க்கு மட்டும் போகாமல், அறிக்கை கொடுத்தது. அதன் சாரம் இதுதான்: இறந்தவர் பாரத்தின் மேல் இருந்ததால் இறந்தார், இல்லாதிருந்தால் இறந்திருக்க மாட்டார், ஆகவே மேலாட்களின் மரணத்துக்குக் காரணம் மேலாட்கள் இருப்பதே.

இதைப் படித்த மன்னர் மாடத்தில் வந்து நின்று கண்ணீர் விட்டார். உண்மையான கண்ணீர்தான், பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

"இனி என் மக்களில் ஒருவர்கூடப் பாரத்தின் மேல் உட்கார வேண்டாம். உங்கள் அத்தனை பேருக்காகவும் நானே உட்காருகிறேன்!"

கூட்டம் விம்மியது. பாவாயிகூட முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். இந்தக் கதையைச் சொல்கிற நான் அங்கே இருந்திருந்தால் நானும் துடைத்திருப்பேன். அவர் குரல் அப்படி.

மறுவாரம் சிலைகள் வந்தன.

ஒவ்வொரு லாரிக்கும் மன்னரின் கற்சிலை ஒன்று. பலகையில் சம்மணமிட்டு, வலது கையை உயர்த்தி ஆசி வழங்கும் கோலம். கல் மாசிலாமணியின் குவாரியில் எடுத்தது. செதுக்கியது அவர் மைத்துனரின் பட்டறை. சிலை கனமாயிற்றே என்று யாரோ அவையில் கேட்க, நித்தியகல்யாணம் எழுந்தார். "மன்னர் யாருக்கும் பாரமாக இருக்க மாட்டார். ஆகையால் மன்னரின் எடை எடையில் சேராது." இதுவும் சட்டமாயிற்று. சேராத எடையை எவ்வளவு பெரிதாகச் செதுக்கினால் என்ன என்று பட்டறைக்குத் தோன்றிவிட்டதால், அடுத்தடுத்து வந்த சிலைகளில் மன்னருக்கு உடம்பு போட்டது.

உயர்த்திய கை சாலையோர மரக்கிளைகளில் பட்டு ஒடிந்தது. மன்னரின் கையை ஒடித்த குற்றத்துக்காகப் புளியமரங்களை வெட்டினார்கள். நிழல் போன தாரில் வெயில் அடித்து, அதன் மேல் அந்தப் பாரம் உருண்டு, ரோடு வெண்ணெய் போலப் பள்ளம் விழுந்தது. டயர்கள் பட்டாசாக வெடித்தன. அரிசி லாரிகள் நடுவழியில் நின்று, மலையில் அரிசி விலை ஏறியது. அதுவும் ஏற்றம்தான் என்று அரசு நாளேடு எழுதியது.

கணவாய் முகப்பில் ஒரு சாவடி உண்டு. சரக்கு உயரமாக இருக்கிறதா என்று சாவடிக் காவலர் மூங்கில் கழியை நீட்டி அளந்து பார்ப்பது பழைய முறை. இப்போது உச்சியில் மன்னர் இருந்தாரே! மன்னரை நோக்கிக் கழியை நீட்டுவது ராஜதுரோகம். காவலர்கள் கழியைக் கீழே போட்டுவிட்டு, ஒவ்வொரு லாரி கடக்கும்போதும் குனிந்து தரையைப் பார்த்து வணங்கினார்கள். அந்த ஆட்சியில் எந்த லாரியில் எவ்வளவு போயிற்று என்று தலை நிமிர்ந்து பார்த்த அரசு ஊழியர் ஒருவரும் இல்லை.

பாவாயிக்கு வேலை போயிற்று. ராக்கியண்ணன் மேலே கல் மன்னரை வைத்துக்கொண்டு தனியாக இறங்கினான். அவள் வாசலில் நின்று அவன் வரும்வரை ரோட்டையே பார்ப்பாள். மன்னர் சிலை ஆசி வழங்கும், ஆனால் கூரையில் தட்டாது. பின்னால் கயிறு தளர்ந்ததா, கல் நகர்ந்ததா, டயரில் புகை வருகிறதா, ஒன்றும் அவனுக்குத் தெரியாது. ஒருநாள் அவன் வீட்டுக்கு வந்து சொம்புத் தண்ணீரை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான். மீசைக்காரனை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"ஏனுங் மாமா?"

"ஒண்ணுமில்ல. கூரையில சத்தமே கேக்க மாட்டேங்குது" என்றான்.

மறுநாள் விடிவதற்குள் பாவாயி லாரியின் தார்ப்பாய்க்குள் புகுந்துகொண்டாள். மன்னருக்குப் பின்னால் ஒரு ஆள் ஒடுங்கும் இடம் இருந்தது, அவ்வளவு அகலமாகச் செதுக்கியிருந்தார்கள். மன்னருக்குச் சமமாகப் பலகையில் அமர்கிறவருக்கு ஆயுள் சிறை என்று சட்டம். சாவடியில் காவலர் குனிந்தபடி வணங்க, லாரி கடந்தது. முதல் வளைவில் கூரையில் ஒரு தட்டு விழுந்தது. ராக்கியண்ணன் பயந்து, பிறகு புரிந்து, அழுதுகொண்டே கியரைக் குறைத்தான். வீட்டில் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொள்ளவே இல்லை. அவன் விபத்தில்லாமல் ஓட்டுவதைப் பார்த்த மாசிலாமணி, அது மன்னர் சிலையின் மகிமை என்று சுவரொட்டி அடித்தார்.

அடுத்தது பாலம். பாலத்தின் முகப்பில் அரசி காலத்துக் கல் ஒன்றில், பத்து டன்னுக்கு மேல் போகக் கூடாது என்று வெட்டியிருந்தது. பாலத்தின் கீழே இறங்கிப் பார்த்த பொறியாளர் ஒருவர், கை நுழைகிற அளவு விரிசல் இருப்பதாகச் சொல்லிவிட்டார். அவரை ஏதோ ஒரு தீவுக்கு மாற்றிவிட்டு அமைச்சர் நேரில் வந்தார். "பத்து டன் பத்து டன் என்று நூறாண்டுகளாகச் சொல்லிச் சொல்லியே இந்தப் பாலத்தின் தன்னம்பிக்கையைக் கெடுத்துவிட்டார்கள்" என்று மேடையில் முழங்கினார். பழைய கல்லைப் பெயர்த்து, 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்று பொறித்த புதிய கல்லை நட்டார். விரிசலுக்கு வெள்ளையடித்தார்கள். விழாவில் லட்டு நன்றாக இருந்தது.

தேர்தல் நெருங்கியது. துறைமுகத்தில் மன்னருக்கு ஒரு நெடுஞ்சிலை வைப்பது என்று முடிவாயிற்று. கப்பலில் வருகிறவர்களுக்குக் கடலிலிருந்தே தெரிய வேண்டும். ஒரே கல், ஒட்டு வேலை கூடாது. அதைச் செதுக்கி முடித்து, மல்லாக்கப் படுக்க வைத்து, வரிசை வரிசையாகச் சக்கரம் வைத்த ஒரு நீண்ட டிரெயிலரில் ஏற்றினார்கள். ஏற்றியதும் டயர்கள் எல்லாம் அடியில் அகன்றன. இழுக்கும் வண்டியை ஓட்ட, விபத்தே இல்லாத ஓட்டுநர் என்று ராக்கியண்ணனைப் பிடித்தார்கள்.

அவன் அந்தச் சுமையைச் சுற்றி வந்தான். பழைய மீசை துடித்தது. பயமும் இருந்தது. "கணவாயில இதுவரைக்கும் யாரும் இத்தாச்சோட்டுச் சொமைய ஏத்துனதில்ல புள்ள" என்றான்.

"இனிமேலும் யாரும் ஏத்தப்படாதுங்க" என்றாள் பாவாயி.

அப்போதுதான் அவையில் ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. சட்டப்படி ஒவ்வொரு பாரத்தின் மேலும் மன்னர் சிலை இருக்க வேண்டும். பாரமே மன்னர் சிலை. மன்னரின் வயிற்றின் மேல் இன்னொரு மன்னரை வைக்கலாமா? மன்னருக்கு மேல் எவரும் இல்லை என்று அரசியல் சாசனத்தின் முதல் வரி சொல்கிறதே! சின்ன மன்னர் பெரிய மன்னருக்கு மேலா கீழா? மூன்று அமைச்சர்கள் குரல் கம்மும்வரை வாதிட்டார்கள். கடைசியில் நித்தியகல்யாணம் எழுந்தார். அவருக்கு அன்று ஒரு பட்டம் வேண்டியிருந்தது.

"மன்னருக்கு மேல் அமரத் தகுந்தவர் மன்னர் ஒருவரே. மன்னா, தாங்களே எழுந்தருள வேண்டும்! வழியெல்லாம் மக்கள், கேமராக்கள். தம் மேல் தாமே அமர்ந்து வரும் தலைவர் உலகில் எங்கே உண்டு?"

மன்னர் அந்தக் காட்சியை மனத்தில் பார்த்தார். அழகாக இருந்தது. ஒப்புக்கொண்டார்.

வெண்கொற்றக்குடை பிடிக்கக் கூடவே ஓர் ஆள் ஏற வேண்டும். அந்த உயரத்தைப் பார்த்ததும் அரண்மனை ஊழியர்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பாவாயி முன்னால் வந்தாள். சட்டப்படி அவள் பலகையில் உட்காரவில்லை. நின்றாள், அதனால் குற்றமில்லை என்று அமைச்சர் விளக்கம் சொன்னார். அகளங்கர் தம் சொந்தத் தொப்புளின் மேல் கட்டிய பலகையில் அமர்ந்தார். பாவாயி அவர் கையில் ஓட்டுநரின் கூரைவரை எட்டும் நீளக் கம்பைக் கொடுத்தாள்.

"ஒரு தட்டுத் தட்டுனா மெதுவாங்க. ரெண்டு தட்டுனா நிக்கோணுமுங்க."

"மூன்று தட்டினால்?"

"மூணு தட்டறதுக்கு ஆளு இருக்காதுங்க."

மேளம் முழங்க வண்டி கிளம்பியது. பின்னால் குவாரி லாரிகள் மன்னர் சிலைகளோடு ஊர்வலமாக வந்தன. முதல் வளைவு வரை மன்னர் கையசைத்தார். முதல் வளைவில் டிரெயிலரின் வால் பள்ளத்தாக்குப் பக்கம் சற்று வெளியே போய்விட்டு வந்தது. அதன் பிறகு அவர் கையசைக்கவில்லை. கம்பு விழத் தொடங்கியது. தட், தட், தட் என்று மேளக்காரர்களைவிட வேகமாகத் தட்டினார். எது ஒன்று, எது இரண்டு என்று பிரிக்க முடியாமல் ராக்கியண்ணன் அத்தனையையும் மெதுவாகப் போ என்றே எடுத்துக்கொண்டான்.

"பெண்ணே, இது என்ன கருகல் நாற்றம்?"

"பிரேக்குங்க. சூடாயிப் போச்சு."

"ஏன் சூடாகிறது?"

"சொமை எச்சுங்களே. இறக்கத்துல பிரேக்கு மேலேயே நின்னுட்டிருக்குது."

"இது எத்தனை டன்?" அவருடைய ஆட்சியில் இந்தக் கேள்வியை அவர் கேட்டது அதுதான் முதல் முறை.

"மன்னர் எடை எடையில சேராதுன்னு சொல்லியிருக்குதுங்களே. யாரும் நிறுத்துப் பாக்கலீங்க."

"யார் இவ்வளவையும் ஏற்றச் சொன்னது?" என்று மன்னர் சீறினார்.

பாவாயி குடையைச் சற்றே நிமிர்த்திப் பிடித்தாள்.

பாலத்தின் முகப்பில் வண்டி நின்றது. மேலே இருந்து பார்த்தால் வெள்ளையடித்த இடத்தில் விரிசல் கறுப்பாகத் திரும்ப வந்திருப்பது நன்றாகத் தெரிந்தது. மன்னர் அதைப் பார்த்தார், கீழே பள்ளத்தைப் பார்த்தார், திடீரென்று பக்திப் பரவசமடைந்தார். "முன்னோர் கட்டிய பாலம். இதன் மேல் நான் வாகனத்தில் போவது மரியாதை இல்லை. நடந்தே கடப்பேன்" என்று ஏணி கேட்டு இறங்கினார். கைகூப்பியபடி நடந்தார். நடுப்பாலம்வரை நடந்தார். அதன் பிறகு பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார். அக்கரையில் நின்று மூச்சு வாங்கிய பிறகு, "வரட்டும்!" என்று கத்தினார்.

ராக்கியண்ணன் ஜன்னலில் தலையை நீட்டினான். "மேலாள் இல்லாம வண்டி நகரப்படாதுங்களே."

"ஏன், அதோ இருக்கிறாளே!" என்றார் இக்கரையிலேயே நின்ற நித்தியகல்யாணம், குடையோடு நின்ற பாவாயியைக் காட்டி. "இந்தக் கணம் முதல் அவள் மன்னரின் பிரதிநிதி. பெண்ணே, உட்கார். ஓட்டுநரே, எடுங்கள். அக்கரை சேர்ந்ததும் 'பாரச் செம்மல்' பட்டமும் சொந்தமாக ஒரு புது லாரியும் உமக்கு."

சொந்த லாரி. ராக்கியண்ணனின் கை கியரில் இருந்தது. இந்தக் கணவாயின் மிகப் பெரிய பாரம் அவன் முதுகுக்குப் பின்னால். இதைக் கடத்திவிட்டால் பேரன் பேத்தி காலம்வரை டீக்கடையில் அவன் பேர் நிற்கும். மெதுவாக, ஒரே சீராகப் போனால் பாலம் தாங்கினாலும் தாங்கும் என்று ஓட்டுநர் புத்தி சொன்னது. அவன் காது மட்டும் கூரையிலேயே இருந்தது.

மேலே பாவாயி பலகையில் உட்கார்ந்தாள். கீழே தாலி கட்டியவனின் தலை தெரியவில்லை, கூரை மட்டும்தான் தெரிந்தது. கம்பை எடுத்தாள்.

இரண்டு தட்டு.

ராக்கியண்ணன் வண்டியை அணைத்துச் சாவியை உருவினான்.

"என்ன செய்கிறீர்?" என்று பாய்ந்தார் அமைச்சர்.

"ரெண்டு தட்டு விழுந்திருச்சுங்க. நிக்கோணும்."

"நான் ஆணையிடுகிறேன், எடும்!"

"நீங்க தரையிலதானுங்களே நிக்கறீங்க" என்றான் அவன். "மேல உக்காந்திருக்கறவ சொல்றத மட்டுந்தானுங்க நாங் கேப்பேன். என்ற சம்சாரம் அவ."

அமைச்சர் காவலர்களை அழைக்க வாயைத் திறந்தார். அதற்குள் பின்னால் நின்ற லாரியின் கூரையில் இரண்டு தட்டுக் கேட்டது. அதற்குப் பின்னால் நின்றதில் இரண்டு. அடுத்ததில், அதற்கடுத்ததில், வளைவுக்கு மேல் வளைவாகச் சத்தம் மலையில் ஏறிக்கொண்டே போயிற்று. சாவடிக் காவலர்கள் சத்தம் தாங்காமல் அத்தனை நாளில் முதல் முறையாகத் தலை நிமிர்ந்து பார்த்தார்கள். ஒவ்வொரு கல் மன்னருக்குப் பின்னாலும் தார்ப்பாயை விலக்கிக்கொண்டு ஒருத்தி எழுந்து நின்றாள். யாருக்காவது மனைவி, யாருக்காவது அக்கா, ஒரு வண்டியில் ஓட்டுநரின் மாமியார். ஒவ்வொருத்தியும் தான் மட்டுமே திருட்டுத்தனமாக வருவதாக நினைத்துக்கொண்டிருந்தாள். ஒருவரையொருவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்கள்.

என்ஜின்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. கணவாயில் ஆற்றுச் சத்தம் கேட்டது. பாவாயி இறங்கி வந்ததும் ராக்கியண்ணன் எல்லோர் முன்னாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவனுக்கு வெட்கமாக இல்லை.

அக்கரையில் மன்னர் கத்திக்கொண்டிருந்தார். பின்வாங்க மாட்டேன் என்பது அவருடைய தேர்தல் வாக்குறுதி, அதனால் திரும்பி வர முடியவில்லை. பத்திரிகைக்காரர்கள் நித்தியகல்யாணத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் அசரவில்லை. "மன்னர் முன்னேறிவிட்டார். நாடுதான் பின்தங்கிவிட்டது" என்று அறிக்கை கொடுத்தார். மறுநாள் நாளேட்டில் அதுவே தலைப்பு.

மன்னர் நடந்தே துறைமுகம் போய்ச் சேர்ந்தார். தாம் யார் என்று சொன்னார். அங்கே இருந்தவர்கள் அவரைக் கீழேயிருந்து, கல்லில், தாடையும் உயர்த்திய கையுமாகத்தான் பார்த்திருந்தார்கள். "எங்க மன்னர் இத்தன சின்னதா இருக்க மாட்டாருங்க" என்று மரியாதையாகவே சொல்லி, குடிக்க மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள்.

அந்த நெடுஞ்சிலையை யாராலும் அசைக்க முடியவில்லை. டிரெயிலரோடு பாலத்தின் முகப்பில், 'எவ்வளவு வேண்டுமானாலும்' என்ற கல்லுக்குப் பக்கத்திலேயே மல்லாக்கக் கிடக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போகிற இடுக்கில் இலேசாக ஏற்றிய வண்டிதான் நுழைய முடியும். வயிற்றின் மேல் அந்தப் பலகை அப்படியே இருக்கிறது. தேர்தல் வந்தால் ஓட்டுக் கேட்கிறவர்கள் எல்லோரும் அந்த வழியாகத்தான் வர வேண்டும். அவர்கள் வாக்குறுதிகளை எல்லாம் பாவாயியும் மற்றவர்களும் பொறுமையாகக் கேட்கிறார்கள். நாட்டை அப்படி ஏற்றுவோம், இப்படி ஏற்றுவோம் என்று அவர்கள் முடித்ததும், யாராவது ஒருவர் ஏணியைக் கொண்டுவந்து சாத்துகிறார்.

"நல்லதுங்க. பலகை காலியாத்தான் இருக்குது. ஏறி உக்காந்துக்கங்க, போலாம்."

பலர் அங்கிருந்தே திரும்பிவிடுகிறார்கள். ஏறியவர்கள் முதலில் கேட்பது எத்தனை டன் என்றுதான்.

நம் நாட்டில் இந்த மாதிரி விபரீதம் எதுவும் நடக்க வாய்ப்பில்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். நம்மிடம் எடைமேடை இருக்கிறது, சோதனைச் சாவடி இருக்கிறது, விசாரணைக் குழுக்கள் வேண்டிய மட்டும் இருக்கின்றன. அந்தப் பலகை மட்டும்தான் இல்லை.